பூக்குழியில் காணாமல் போனவர்

பிரிக்பீல்ட்ஸில் கைப்பேசி வாங்க வரும் தமிழர்களில் பாதிப் பேருக்கு அந்தக் கடையின் பெயர் தெரியாது. "குமுதா நிக்கிற கடை" என்றால்தான் தெரியும். குமுதாவுக்கு அதில் பெருமைதான். சீதாலெட்சுமி திரும்பி வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் பெருமைதான்.

குமுதா கிள்ளான்காரி. காலையில் கொம்யூட்டர் ரயிலைப் பிடித்து, சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி, மல்லிகைச் சரங்களையும் வடைச் சட்டிகளையும் தாண்டி நடந்து வருவாள். கடை முதலாளி ஒரு சீனர். ஆனால் குமுதாவுக்குச் சம்பளம் அவர் கொடுப்பதில்லை. ஒரு கைப்பேசிக் கம்பெனி அவளுக்கு ஊதா நிறச் சட்டை ஒன்றைக் கொடுத்து, அந்தக் கடையில் நின்று தன் கைப்பேசியை மட்டும் புகழ்ந்து விற்கச் சொல்லியிருந்தது. புது மாடல் வரும்போதெல்லாம் ஓட்டல் ஒன்றில் கூட்டம் நடக்கும். கேமராவைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுப்பார்கள், கொஞ்சம் மலாயிலும் சொல்வார்கள். தமிழில் எதுவும் கிடையாது. தமிழை அவளேதான் உண்டாக்கிக்கொண்டாள்.

அதில்தான் அவள் கெட்டிக்காரி. இரவுப் படம் பற்றிக் கம்பெனி நீட்டி முழக்கிச் சொன்னதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, "கரண்ட் போன வீட்டுல தொலைஞ்ச மூக்குத்திய கூடக் காட்டிக் குடுக்கும் ஆன்டி, ஒண்ணையும் விடாது" என்பாள். ஆன்டிகள் சிரிப்பார்கள். பிறகு அவர்களைக் கறுப்புப் பெட்டியிடம் அழைத்துப் போவாள்.

கறுப்புப் பெட்டி என்பது கம்பெனி கொடுத்த ஒரு வித்தைச் சாமான். உள்ளே பிளாஸ்டிக் ரோஜாக் கொத்தும் ஒரு பீங்கான் பொம்மையும் இருக்கும். ஓட்டை வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்தால் கும்மிருட்டு. அதே ஓட்டையில் கைப்பேசியை வைத்து அமுக்கினால் ரோஜா சிவப்பாக, பொம்மையின் புருவம் வரை தெளிவாக வந்து நிற்கும். பார்க்கிறவர்கள் "ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொள்வார்கள். அந்தப் பெட்டிக்குள் எதுவுமே அசைந்ததில்லை என்பதைக் குமுதா யோசித்ததே இல்லை. பிளாஸ்டிக் ரோஜா எங்கே அசையப் போகிறது?

மற்றபடி அவளுக்கும் சந்தேகங்கள் இருந்தன. தீபாவளிக்கு அக்காள் மகனைப் படம் எடுத்தால் பிள்ளையின் முகம் பிசைந்த மைதா மாவு மாதிரி வழவழவென்று வந்தது. கடைவாசலில் தொங்கிய ஆளுயர விளம்பரத்தில் இருந்த பெண்ணுக்கு மட்டும் கண்ணிமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கிட்டே போய்க் குனிந்து பார்த்தால், விளம்பரத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: படம் விளக்கத்துக்காக மட்டுமே. கூட்டத்தில் இதைக் கேட்டபோது, "லைட்டிங் லா, எல்லாம் லைட்டிங்" என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். குறை சொல்லி யாராவது வந்தால் லென்ஸைத் துடைக்கச் சொல். துடைத்துவிட்டேன் என்றால் அப்டேட் பண்ணச் சொல். அதுவும் பண்ணிவிட்டேன் என்றால் கை ஆடியிருக்கும் என்று சொல். இவ்வளவுதான் பாடம். கை ஆடவில்லை என்று ஒருவர் வந்து நிற்பார் என்று பாடத்தில் இல்லை.

சீதாலெட்சுமி வந்து நின்றாள். கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானிலிருந்து வந்திருந்தாள். கணவர் தம்புசாமி துறைமுகத்துக் கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவர். போன வருஷம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து பிழைத்தார். பிழைத்தால் பூக்குழி இறங்குகிறேன் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். அந்தத் தீமிதியைப் படம் எடுக்கத்தான் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து இந்தக் கைப்பேசியைக் குமுதாவிடம் வாங்கிப் போனார்கள். குமுதாவுக்கு நன்றாக நினைவிருந்தது. "இருட்டுன்னா இந்த நிலா பட்டனை அமுக்குங்க ஆன்டி, அசையாமப் புடிங்க, மத்ததைப் போன் பாத்துக்கும்" என்று அவள்தான் சொல்லி அனுப்பினாள்.

"தங்கச்சி, நீ ஒரு உண்மையைச் சொல்லணும்" என்றாள் சீதாலெட்சுமி. வணக்கம்கூடச் சொல்லவில்லை. "இது போனோட வேலையா, இல்ல ஆத்தாவோட வேலையா?"

படத்தைக் காட்டினாள்.

முதல் பார்வைக்குக் கம்பெனியே வாங்கி விளம்பரத்தில் போடலாம் போலிருந்தது. பூக்குழியில் ஒவ்வொரு கங்கும் தனித்தனியாகக் கனன்றது. மேலே கட்டிய வேப்பிலைத் தோரணத்தில் இலை இலையாகத் தெரிந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற கோயில் தொண்டரின் மீசைகூடத் துல்லியமாக இருந்தது. குழியில்தான் ஒருவரும் இல்லை.

"இங்கதான் நடக்குறாரு" என்று சீதாலெட்சுமி வெறும் நெருப்பின் மேல் விரலை வைத்தாள். "இந்த எடம். தலையில கரகம், இடுப்புல மஞ்ச வேட்டி. ஆளைக் காணோம்."

குமுதாவின் வாய் பாடத்தை ஒப்பித்தது. "கை ஆடியிருக்கும் ஆன்டி."

"ஆடலம்மா. நீ சொன்ன மாதிரியே தடுப்புக் கம்பி மேல முட்டுக் குடுத்து, மூச்சைக்கூட விடாமப் புடிச்சேன். ஆடியிருந்தா அந்த மீசைக்காரர் மட்டும் எப்படி இவ்ளோ அழகா வந்தாரு?"

சீதாலெட்சுமி குரலைத் தாழ்த்தினாள். குடும்பக் குரூப்பில் இந்தப் படத்தை அவள்தான் போட்டாளாம். நெருப்பு அழகாக வந்திருக்கிறதே என்று அவசரத்தில் போட்டுவிட்டாளாம். தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் தம்புசாமியின் அக்காள் உடனே பிடித்துக்கொண்டாள். தம்பி எங்கே? தம்பியை ஆத்தா மறைத்துவிட்டாள். காப்புக் கட்டிய பிறகு எங்கோ சுத்தம் தப்பியிருக்கிறது, வேண்டுதலை அவள் ஏற்கவில்லை, ஆள் இல்லாமல் போவதற்கு இது அடையாளம். இப்படி ஆளாளுக்கு ஒன்று.

"மத்தவங்க வீடியோ எடுத்திருப்பாங்களே ஆன்டி?"

"புகையும் முதுகுமா இருக்கு. அவரு அதெல்லாம் பாக்க மாட்டேங்கிறாரு. 'நான் நடந்தது எனக்குத் தெரியாதா, கால் சுட்டுச்சே. அவ ஏத்துக்கிட்டாளாங்கிறதுதான் கேள்வி, அதுக்குத்தான் பதிலைக் காட்டிட்டா' அப்படிங்கிறாரு. அன்னையிலேருந்து மாத்திரை போடுறதில்ல. போற உசுருக்கு எதுக்கு மாத்திரைன்னு கேக்குறாரு. நான் தினமும் கைப்பையிலேயே வெச்சுக்கிட்டு அலையிறேன். வெளியதான் உக்காந்திருக்காரு. டாக்டர் சொன்னாக் கேக்க மாட்டாரு, பூசாரி சொல்லியும் கேக்கல. போனை வித்தவ வாயால கேக்கணுமாம்."

படம் அப்படி வந்த காரணம் குமுதாவுக்குத் தெரியும். நிலா பட்டனை அமுக்கினால் கைப்பேசி ஒரு படம் எடுப்பதில்லை. சில விநாடிகளுக்குப் படம் படமாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் நிற்பதை வைத்துக்கொள்கிறது. நடுவில் ஓடுவதைக் குப்பை என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. இதையும் ஓட்டல் கூட்டத்தில் சொன்னார்கள். வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொன்னார்கள்.

"குமுதா, ஒரு நிமிஷம்."

செந்தூரன்தான். கம்பெனியின் வட்டார மேற்பார்வையாளன். மாதத்துக்கு ஒரு தடவை வருகிறவன், பார்த்து இன்றைக்கு வந்திருந்தான். அவளைக் கைப்பேசிக் கவர்கள் தொங்கும் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"யூசர் ஹேண்ட்லிங், அவங்க புடிச்ச விதம்தான் தப்புன்னு சொல்லி அனுப்பு லா. போன்ல பிரச்சனைன்னு ஒரு வார்த்தை உன் வாயில வரக் கூடாது."

"பாஸ், அவங்க போனை மாத்திக் கேக்கல. அந்த அங்கிள் செத்துடுவோம்னு நெனச்சு மருந்தை நிறுத்திட்டாரு."

"அது கோயில் மேட்டர். நம்ம மேட்டர் இல்ல."

"கோயில் மேட்டரா? ஆடி மாசம் முழுக்கத் திருவிழா ஸ்பெஷல்னு வாசல்ல பேனர் கட்டுனது யாரு பாஸ்? அம்மனா?"

செந்தூரன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். அவள் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. அவன் திரும்பப் பேசுவதற்குள் அவள் வெளியே போய்விட்டாள்.

கடைக்கு முன்னால், ஐந்தடி நடைபாதையில், பூக்கடைக்காரி இரவல் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் தம்புசாமி உட்கார்ந்திருந்தார். ஆஜானுபாகுவான மனிதர். கைப்பேசி வாங்க வந்த அன்று கடையே அதிரப் பேசியவர். இப்போது சட்டை அவருக்கு ஒரு அளவு பெரிதாகத் தெரிந்தது.

குமுதா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, படத்தின்மேல் படம் அடுக்கும் கதையைப் பொறுமையாகச் சொன்னாள். அசையாததை வைத்துக்கொள்ளும், அசைவதைத் தூக்கி எறிந்துவிடும். நீங்கள் நடந்தீர்கள், அதனால் எறிந்துவிட்டது. மீசைக்காரர் நின்றார், அதனால் வைத்துக்கொண்டது.

தம்புசாமி கேட்டுக்கொண்டார். "அன்னைக்கு ஒண்ணையும் விடாதுன்னியேம்மா."

"அன்னைக்கு விக்கிறதுக்குச் சொன்னேன் அங்கிள்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு நீங்க மாத்திரை போடணும்னு சொல்றேன்."

"அப்ப ரெண்டு நாளும் எனக்கு என்னமோ ஒண்ண விக்கத்தான் பாக்குறே" என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "நல்ல பொண்ணு நீ. பாவம், ஆறுதலுக்குச் சொல்றே. எனக்குப் புரியுது."

"எந்திரிங்க அங்கிள்" என்றாள் குமுதா. "கண்ணால பாருங்க. உள்ள வாங்க."

கடையின் பின்புறத்துச் சாமான் அறையில் பெட்டிகள் அடுக்கியிருந்தன, ஒரு துடைப்பக்கட்டையும் வாளியும் இருந்தன. விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினாள். கதவிடுக்கில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம். சீதாலெட்சுமியிடம் கைப்பேசியைப் பிடிக்கச் சொல்லி, நிலா பட்டனை அமுக்க வைத்து, அவள் முன்னால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்தாள்.

படத்தில் குமுதா இருந்தாள்.

கை மட்டும் கொஞ்சம் கலைந்திருந்தது. மற்றபடி முழுசாக இருந்தாள். போதாக்குறைக்கு, அவள் முகத்தைப் பவுடர் பூசிவிட்ட மாதிரி வெளுப்பாக்கியும் வைத்திருந்தது.

"இன்னொரு தடவை ஆன்டி." நடந்தாள். இருந்தாள். வேகமாக நடந்தாள், இருந்தாள். ஓடினாள், கால் இரண்டும் மங்கி, தலை மட்டும் தெளிவாக, பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். ஆண்டு முழுக்க வாடிக்கையாளர் முன்னால் படம் நன்றாக வரவேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தவள், இப்போது பாழாய்ப் போகவேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சனியன் பிடித்த கைப்பேசிக்கு அன்றைக்கென்று பார்த்துத்தான் யோக்கியமாக இருக்கத் தோன்றியது.

"போதும்மா" என்றார் தம்புசாமி இருட்டிலிருந்து. பெட்டியில் கையூன்றி எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. "பாத்தியா, உன்னை விடல. என்னைத்தான் விட்டுச்சு. வா சீதா, போவலாம்."

குமுதாவுக்கு அழுகை வந்தது. உதவி செய்யப் போய், அவர் மனதில் கிடந்த பயத்துக்கு அவளே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள். சீதாலெட்சுமியும் விம்மத் தொடங்கினாள். கையில் கைப்பேசி நடுங்கியது; திரையின் வெளிச்சமும் அவள் கன்னத்தில் நடுங்கியது.

அந்த நடுக்கத்தைக் குமுதா பார்த்தாள்.

"இருங்க அங்கிள், ஒரு நிமிஷம். ஆன்டி, அன்னைக்கு அமுக்கினதும் திரையில ஒரு வட்டம் சுத்துச்சில்ல? எவ்ளோ நேரம் சுத்துச்சு?"

"ரொம்ப நேரம்மா. அவரு இந்தக் கரையில கால் வெச்சப்ப அமுக்குனேன். அந்தக் கரையில பால்குழியில எறங்குறப்பவும் சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"இங்க?"

"இங்க டக்குனு முடிஞ்சிடுதே."

கை நடுங்கினால் கைப்பேசி அவசரமாக எடுத்து முடித்துக்கொள்கிறது. ஆடாமல் அசையாமல் பிடித்தால், ஆகா, நேரம் இருக்கிறது என்று நீட்டி நீட்டிச் சேர்க்கிறது. சீதாலெட்சுமி அன்றைக்குக் கம்பியில் முட்டுக்கொடுத்து மூச்சடக்கி, விளம்பரத்தில் சொல்வதைவிட ஒழுங்காகப் பிடித்திருக்கிறாள். ஒழுங்காகப் பிடித்ததால்தான் புருஷன் அழிந்து போனார்.

குமுதா கைப்பேசியை வாங்கிப் பெட்டிகளின் மேல் சாய்த்து நிறுத்தினாள். "தொடாதீங்க. அமுக்கிட்டுக் கையை எடுத்துடுங்க." என்ன நினைத்தாளோ, காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"அப்படி ஓடக் கூடாதும்மா" என்றார் தம்புசாமி. போகிறேன் என்றவர் போகவில்லை. "பூக்குழியில ஓடவும் கூடாது, நிக்கவும் கூடாது. நிதானமா, விடாம நடக்கணும்."

நிதானமாக, விடாமல் நடந்தாள். வட்டம் மெல்ல மெல்லச் சுற்றியது. மூன்று பேரும் மூச்சுவிடவில்லை. படம் வந்தது.

பெட்டிகள் இருந்தன. பெட்டிமேல் அச்சடித்த பொடி எழுத்தைப் படிக்க முடிந்தது. வாளி இருந்தது, துடைப்பக்கட்டை இருந்தது, ஓரமாகக் கழற்றி வைத்த காலணிகள் ஜோடியாக இருந்தன. குமுதா இல்லை. ஒரு பெட்டியின் மூலையில் ஊதாவாக ஏதோ அழுக்குப் பட்ட மாதிரி ஒரு தீற்றல். அவ்வளவுதான்.

தம்புசாமி கைப்பேசியை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நீ எங்கம்மா?"

"அதைத்தானே அங்கிள் சொல்றேன். நான் காப்பும் கட்டல, சுத்தமும் தப்பல. காலையில புட்டு தின்னுட்டு வேலைக்கு வந்தவ. என்னையும்தான் தூக்கிப் போட்டுடுச்சு."

"சீதா, நீ நட."

சீதாலெட்சுமி நடந்தாள். படத்தில் அவளும் காணாமல் போனாள், கையில் பிடித்திருந்த கைப்பையோடு சேர்ந்து போனாள். தம்புசாமியின் தொண்டைக்குள்ளிருந்து என்னவோ வந்தது. இருமல் என்று முதலில் நினைத்தார்கள், சிரிப்பு. "போச்சுடி. நீயும் போயிட்டே. எங்க அக்காளுக்குக் கொண்டாட்டம்தான்."

பிறகு சிரிப்பு நின்றது. வேறு ஒன்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நீ பாத்தியா சீதா? நான் நடந்தப்ப?"

அவள் கைப்பையைத் திறந்து மூடினாள்.

"கட்டத்துக்குள்ள இருக்கீங்களான்னு போனைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் கடைசியில். "வட்டம் முடியட்டும்னு... நிமிர்ந்து பாக்குறப்ப நீங்க பால்ல நின்னுக்கிட்டு இருந்தீங்க."

"ம்."

அவள் அழுதாள். அவர் தேற்றவில்லை. கையை நீட்டினார். "எங்க அந்த மாத்திரை? விட்ட நாளுக்கும் சேத்துக் குடுத்துடாதே, இன்னைக்கு உள்ளதை மட்டும் குடு. தண்ணி இருக்காம்மா?"

குமுதா தன் தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்தாள். அவர் விழுங்கும்போது கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. செந்தூரன் நின்றிருந்தான்.

"என்ன நடக்குது இங்க?"

"வாங்க தம்பி" என்றார் தம்புசாமி, பழைய குரலில் பாதியோடு. "உங்க போன்ல என் பொண்டாட்டியைக் காணோம். கொஞ்சம் தேடிக் குடுங்க."

செந்தூரன் படங்களைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கில், கைப்பேசி இப்படி ஆளை அழிக்கும் என்பது அவனுக்கும் முன்பே தெரியும் என்று குமுதாவுக்குப் புரிந்தது. "டெலிட் பண்ணு. ரெண்டையும். இப்பவே."

"அது அவங்க போன் பாஸ். நான் எப்படி டெலிட் பண்றது?"

சீதாலெட்சுமி அதற்குள் இரண்டு படங்களையும் குரூப்பில் போட்டு, குரலில் விளக்கமும் அனுப்பிவிட்டாள். தெலுக்கிலிருந்து பதில் வர நேரமாகவில்லை. அக்காளின் குரல் அறை முழுக்க ஒலித்தது: "ஐயோ தம்பி, அந்தக் கடையில என்னமோ இருக்குடா! இனி அந்தப் பக்கமே போகாதீங்க. போறப்ப எலுமிச்சம்பழம் வாங்கிக் காலால நசுக்கிட்டுப் போங்க."

குமுதா நெற்றியில் அடித்துக்கொண்டாள். தம்புசாமி கைப்பேசியைப் பெண்டாட்டி கையிலிருந்து பிடுங்கி, அக்காளுக்குப் பண்டமாரான் பாணியில் சுருக்கமாக ஒரு பதில் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. வாசல்வரை போனவர் திரும்பி, "மாத்திரை சரிம்மா. ஆனா நான் பூக்குழி எறங்குனதுக்கு ஒரு படம் இல்லாமப் போச்சே" என்றார். நன்றி என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லும் மனநிலையிலும் இல்லை. ஸ்டேஷன் பக்கமாக நடந்தார்கள். அவர் முன்னால், அவள் நாலடி பின்னால்.

செந்தூரன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். "நாளையிலேருந்து செலாயாங் கடைக்குப் போ. இங்க வேற ஆளைப் போடறேன்."

கிள்ளானிலிருந்து செலாயாங். ரயில் மாறி, அப்புறம் பஸ் ஏறி, திரும்ப வீடு சேரும்போது அம்மா தூங்கியிருப்பாள். குமுதாவுக்கு அவனைப் பார்த்துக் கத்த வேண்டும் போலிருந்தது. கறுப்புப் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது. குனிந்து காலணியை மாட்டிக்கொண்டாள்.

"சரி பாஸ். அங்கயும் தமிழாளுங்க இருக்காங்க. இருட்டுல எப்படி எடுக்கும்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?"

அவன் வாயைத் திறப்பதற்குள் வாசலில் யாரோ, "குமுதா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள்.